ஒரு தாளுக்கு மூணு தப்பு

முன்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைப் பொடவை. தெரியுதா தம்பி? கழுத்தை நீட்டி நீட்டி வெளிய பாத்துக்கிட்டு வருதே, அதுதான். என்ன பண்ணுதுன்னு நினைக்கிறீங்க? போர்டு படிக்குது. பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலேருந்து ஒரு போர்டு விடல. அடகுக்கடை, பல் ஆஸ்பத்திரி, சிமெண்ட் விளம்பரம், செத்துப்போனவன் போஸ்டர், எதையும் விடல. உதடு அசையுது பாருங்க. நீங்களும் நானும் ஒரு பார்வை பாத்துட்டு விட்டுடறோம். அதுக்கு ஒவ்வொரு எழுத்தும் பலகாரம்.

பேரு பூங்காவனம். அம்பத்திரண்டு வயசு. அந்தப் பொம்பளையாலதான் முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா நான் விசாரணைக்குப் போயிட்டு வரேன். அவளும் அதே விசாரணைக்குத்தான் வந்தா. இப்ப அதே பஸ்ஸுல திரும்பிப் போறோம். என் தலையெழுத்தைப் பாருங்க. எங்க ஊருப் பக்கம் இதை விட்டா அடுத்த பஸ்ஸு ஆறரைக்குத்தான்.

ஐயையோ, நகந்து உக்காராதீங்க தம்பி. போலீஸ் விசாரணை இல்ல. நான் வாத்தியார். தும்பக்குளம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பஞ்சாட்சரம். வர்ற மே முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டையர்மெண்ட். இன்னும் அம்பது நாள்கூட இல்ல. ஒரு மாலை, ஒரு சால்வை, பொண்டாட்டியோட ஒரு போட்டோ, நாலு பேர் மைக்கைப் பிடிச்சு நல்ல வார்த்தை சொல்றது. இதுக்காகத்தானே ஒரு மனுஷன் இத்தனை வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்னுக்கிட்டு இருக்கான்? ஆனா எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு பயம் உண்டு. ஏதாவது விசாரணை பாக்கி இருந்துச்சுன்னா, கடைசி நாள் சாயங்காலம் ஒரு கவர் வந்துரும். ஓய்வு பெற அனுமதி இல்ல, சஸ்பென்ஷன்னு. பந்தல் போட்டு, சாப்பாடு சொல்லி, மாலை வாங்கி வெச்சவன் அப்புறம் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவான்? என் பொண்டாட்டி அன்னிக்குக் கட்டப் பொடவைகூட எடுத்து வெச்சுட்டா.

எல்லாம் இந்த எழுத்தறிவுத் திட்டத்தால வந்த ஏழரை. போன வருஷம் ஆடி மாசம் ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களைக் கணக்கெடு. மையம் ஆரம்பி. தன்னார்வலரைப் பிடி. இருநூறு மணி நேரம் பாடம் நடத்து. கடைசியில பரீட்சை வெச்சு சர்டிபிகேட் குடு. வட்டாரத்துல பதினோரு மையம், பதினொண்ணுக்கும் பொறுப்பாளர் யாருன்னா, பஞ்சாட்சரம். ஏன்னா நான் மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன். மேல இருக்கறவனுக்கு அது நல்லாத் தெரியும்.

நான் ஒண்ணு கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. அம்பது வயசுல ஆனா ஆவன்னா எழுதி என்ன கலெக்டர் ஆகப் போறாங்களா? காலையில நூறு நாள் திட்டத்து ஏரி வேலைக்குப் போய் நிழல்ல உக்காந்து வெத்தலை போடறவங்க. சாயங்காலம் மாட்டைப் பிடிச்சுக் கட்டறவங்க. கைநாட்டு வெச்சே வாழ்க்கை ஓடிருச்சு. நான் அந்த ஏரிக்குப் போய்ப் பேசினேன் தம்பி. 'அம்மா, அய்யா, படிங்க, படிச்சா கண்ணு தெறக்கும்'னு. ஒருத்தன் கேக்கறான், 'சாரு, படிச்சா வெயிலு குறையுமா?' இந்த ஜனத்தை வெச்சுக்கிட்டு நான் இருநூறு மணி நேரம் பாடம் நடத்தணுமாம்.

மேல உள்ளவன் மட்டும் யோக்கியமா? அவனுக்கு வேண்டியது எண்ணிக்கை. மாசம் ஒரு போட்டோ, மாசம் ஒரு படிவம். 'கற்போர் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.' இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியாது. போட்டோவுக்கு ஒரு நாள் ஏரிக்குப் போய், வேலைக்குப் பேர் குடுக்க வந்தவங்களை வரிசையா உக்கார வெச்சு, பள்ளிக்கூடத்துச் சிலேட்டை ஆளுக்கொண்ணு கையில குடுத்தேன். ரெண்டு நிமிஷம். அந்த ஒரே போட்டோவை ஏழு மாசம் அனுப்பினேன். ஒரு மாசம் இடது ஓரத்தை வெட்டுவேன், அடுத்த மாசம் வலது ஓரம். ஏழு மாசமா ஒரே ஆளு ஒரே கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் அந்தப் போட்டோவுல. ஒருத்தன் கேக்கல. பாத்தாத்தானே கேக்கறதுக்கு?

தும்பக்குளம் மையத்துக்குத் தன்னார்வலர்னு ஒரு பொண்ணு, தமிழரசின்னு பேரு, பன்னெண்டாவது முடிச்சுட்டு வீட்டுல இருந்தது. பதிவேட்டுல பேர் வேணுமேன்னு போட்டேன். அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? நெஜமாவே பாடம் நடத்த ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலம் நாலரைக்கு வந்து பள்ளிக்கூட வராண்டாவுல உக்காந்து, பதினாலு பதினஞ்சு பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டு, கையைப் பிடிச்சு எழுத வெச்சு, ஒரே சத்தம், ஒரே சிரிப்பு. எனக்குப் பூட்டிட்டுப் போறதுக்கு நேரமாகும். 'ஏம்மா, இவ்வளவு எதுக்கு?'ன்னு கேட்டேன். 'சார், பூங்காவனம் அக்கா நேத்து அவங்க பேரை அவங்களே எழுதிட்டாங்க சார்'னு என்னமோ தங்க மெடல் வாங்கின மாதிரி சொல்லுது.

நாலு மாசம். அதுக்கப்புறம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை கிடைச்சுப் போயிருச்சு. போகட்டும், நல்லா இருக்கட்டும். வேற ஆள் போடணும்னா மறுபடி படிவம், மறுபடி மேல எழுதணும், மறுபடி ரெண்டு நாள் பயிற்சி. எதுக்கு அவ்வளவு வம்பு? தமிழரசி கையெழுத்து சுலபமான கையெழுத்துதான். வருகை நோட்டுல படிக்கறவங்க கையெழுத்தையும் சேத்து நானே போட்டுக்கிட்டேன். மத்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நின்னுட்டாங்க. இந்த ஒருத்தி மட்டும் நிக்கல.

தினமும் நாலரை மணிக்கு வந்துரும். நான் சாவிக்கொத்தோட வெளிய வரும்போது வராண்டாவுல தமிழரசி குடுத்துட்டுப் போன பாடப் புஸ்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். 'சார், டீச்சரு எப்ப வரும்?' 'வரும் வரும்.' மறுநாளும் அதே. 'சார், வேற டீச்சரு வருமா?' 'எழுதிப் போட்டிருக்கு, வரும்.' அப்புறம், 'சார், இது என்னா எழுத்து?' எனக்கு வர்ற கோவத்துக்கு! முப்பத்துநாலு வருஷம் புள்ளைங்ககிட்டக் கத்தித் தொண்டை போன ஆளு, பள்ளிக்கூடம் விட்டப்புறம் இதுக்கு வேற உக்காந்து சொல்லணுமா? ஆனாலும் ஒரு நாள் சொன்னேன். அந்தப் பக்கத்துல மேல ரெண்டு வரி படிச்சுக் காட்டினேன், நின்ன வாக்குலேயே. அந்த நன்றியாவது இருக்க வேணாமா மனுஷருக்கு? அவளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததுல என் பங்கும் உண்டு, நினைவு வெச்சுக்கங்க.

அப்புறம் மாசி மாசம் பரீட்சை. ஞாயித்துக்கிழமை. நூத்தம்பது மார்க். வாசிக்க அம்பது, எழுத அம்பது, கணக்கு அம்பது. பதிவேட்டுல முப்பத்தொரு பேர். அன்னிக்கு ஊர்ல ஒரு காதுகுத்து. ஒரு ஈ காக்கா வரல. நான் எதிர்பாத்ததுதான்.

இப்ப நான் சொல்லப்போறது தொழில் நுணுக்கம். சிரிக்காதீங்க. பரீட்சைத் தாளை நாமளே எழுதறது பெரிய விஷயம் இல்ல, எவனும் எழுதுவான். ஆனா வாத்தியார் கையெழுத்து முத்து முத்தா வந்துரும். பாத்த உடனே தெரிஞ்சுரும். அதனால இடது கையால எழுதணும். இது நானா கண்டுபிடிச்சது. இடது கையால எழுதினா கோணலா, நடுங்கி, புதுசா எழுதப் பழகின மாதிரியே வரும். அப்புறம் ஒரு தாளுக்கு மூணு தப்பு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தப்பே இல்லன்னா சந்தேகம் வரும், நிறைய இருந்தா மார்க் போட முடியாது. நான், எங்க உதவி ஆசிரியை தனலட்சுமி டீச்சர், சத்துணவு அமைப்பாளர் ஏகாம்பரம், மூணு பேர், ஆளுக்குப் பத்து தாள். தனலட்சுமி டீச்சருக்கு மட்டும் ஒரு சிக்கல். அவங்க பொறப்புலயே இடது கை. எடுத்த எடுப்புல அழகா எழுதறாங்க. 'டீச்சர், நீங்க வலது கைக்கு மாத்துங்க'ன்னேன். அவ்வளவு கவனமா செஞ்ச வேலை தம்பி. சும்மா ஏனோதானோன்னு செய்யல.

ரெண்டு பேரை ஃபெயில் போட்டேன். எல்லாரும் பாஸ்னா நம்ப மாட்டான் பாருங்க. பாஸ் போட்டதுல ஒரு சின்னக் கோளாறு, அப்ப எனக்குத் தெரியாது. காத்தவராயன்னு ஒருத்தன், அவன் செத்து ஒன்றரை வருஷம் ஆச்சாம். அவனுக்கு நூத்திப் பதினேழு போட்டு வெச்சிருக்கேன். பதிவேட்டுல பேர் இருந்துச்சு, போட்டேன். உசிரோட இருக்கானான்னு ஒவ்வொருத்தன் மூக்குலயும் கை வெச்சா பாக்க முடியும்?

எழுதற பகுதியில ஒரு கேள்வி. 'உங்கள் ஊரில் உள்ள ஒரு குறையைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுக, ஐந்து வரி.' நாங்க முப்பது தாளுலயும் தெரு விளக்கு எரியலன்னு எழுதிட்டோம். ஏகாம்பரம்தான் முதல்ல எழுதினான், எங்களுக்கு யோசிக்க நேரமில்ல, அதையே எழுதிட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு லைன்மேன் வந்து நிக்கறான். மேல ஆபீஸ்ல தாளைப் புரட்டின எவனோ, ஒரே ஊர்லேருந்து முப்பது புகார்னு எண்ணி மட்டும் பாத்து கரண்ட் ஆபீஸுக்கு அனுப்பிட்டான். எங்க ஊர்ல எல்லா விளக்கும் எரியுது தம்பி. பட்டப்பகல்லயே எரியும். அந்த லைன்மேன் என்னைப் பாத்த பார்வை இருக்கே!

முப்பதுன்னு சொன்னேனா? முப்பத்தொண்ணாவது ஆளு வந்துருச்சு. இதோ, இந்தம்மாதான். காதுகுத்தும் இல்ல, கல்யாணமும் இல்ல, தலைக்குக் குளிச்சு, ஒரு பென்சில், ஒரு அழிரப்பர், ஒரு தண்ணி பாட்டிலோட காலையில ஒம்பதரைக்கே வந்து நிக்குது. துரத்தவா முடியும்? நாலாம் வகுப்பு அறையில உக்கார வெச்சுக் கேள்வித் தாளைக் குடுத்துட்டு, நாங்க என் அறையில கதவைச் சாத்திக்கிட்டு எங்க வேலையைப் பாத்தோம். ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு, எழுந்திரிக்கல. நடுவுல கதவைத் தட்டுது. 'சார், இன்னொரு தாளு வேணும்.' அஞ்சு வரிக்கு எதுக்கும்மா இன்னொரு தாளுன்னு கேட்டுட்டு, அது உள்ள எட்டிப் பாக்கறதுக்குள்ள ஒண்ணை உருவிக் குடுத்து அனுப்பிட்டேன். வாசிக்கறதுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லணும், அதுதான் முறை. சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சு. வாசிப்பு நாப்பத்தொண்ணு, எழுத்து நாப்பத்தாறு, கணக்கு நாப்பத்தொண்ணு, மொத்தம் நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். தாராளமாத்தானே போட்டிருக்கேன்? எங்க வட்டாரத்துலயே அதுதான் முதல் மார்க்.

சரி, இதோட விட்டிருந்தா ஒரு வம்பும் இல்ல. பங்குனி மாசம் மாவட்ட அளவுல ஒரு விழா வெச்சான். கல்யாண மண்டபத்துல. மேலேருந்து ஒரு பெரிய மேடம் வர்றாங்க, ஒவ்வொரு வட்டாரத்துலேருந்தும் ஒரு நல்ல விடைத்தாளை பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவத்துல ஒட்டணும்னான். நான் யோசிச்சேன். முப்பது தாள் நாங்க எழுதினது. எது எவன் கைன்னு எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் ஒட்ட மனசு வரல. எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு உண்டு தம்பி. நெஜமா ஒரு ஆளு உக்காந்து எழுதின தாள் ஒண்ணு இருக்கும்போது அதைத்தானே வெக்கணும்? கையெழுத்தும் குண்டு குண்டா, கோடு மேல அடங்கி, பாக்க லட்சணமா இருந்துச்சு. வெச்சேன். நல்லது நினைச்சுத்தான் வெச்சேன். அதுதான் நான் பண்ண தப்பு.

ஒட்டறதுக்கு முன்னால தாளைப் படிச்சீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. விசாரணையிலயும் அதையேதான் கேட்டாங்க. பதினோரு மையம் தம்பி. ஒவ்வொண்ணையும் படிச்சுக்கிட்டு இருந்தா எப்ப மார்க் போடறது? திருத்தறது வேற, படிக்கறது வேற. இதெல்லாம் வாத்தியார் வேலை தெரிஞ்சவனுக்குத்தான் புரியும்.

அந்த மேடம் ஒரு மாதிரியான ஆளு. விழாவுக்கு வந்தமா, விளக்கேத்தினமா, போனமான்னு இல்லாம, சுவர் ஓரமா நடந்து ஒவ்வொரு தாளா நின்னு படிக்கறாங்க. இவ தாள் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. எனக்கு ஒரே பெருமை. பக்கத்துல இருந்தவன்கிட்ட 'எங்க தும்பக்குளம்'னேன். அப்புறம் மேடைக்குப் போய் மைக்குல, 'பூங்காவனம் அம்மா வந்திருக்காங்களா? இதை நீங்களே படிச்சுக் காட்ட முடியுமா?'ன்னாங்க. இவ போனா. தாளை வாங்கினா. விரலை வெச்சு ஒவ்வொரு எழுத்தா. நான் அந்த நேரம் பின்பக்கம் டீ, போண்டா பொறுப்பு. நூத்தம்பது பேருக்கு டம்ளர் பத்தல, அந்தக் கவலையில இருந்தேன். மண்டபமே சத்தமில்லாம இருக்குது. நல்லா படிக்கறா போலருக்கு, அதான் சனம் வாயைப் பொத்திக்கிட்டுக் கேக்குதுன்னு நினைச்சேன். படிச்சு முடிச்சா. யாரும் கை தட்டல. ஏன் சும்மா இருக்கானுங்கன்னு நான் ஆரம்பிச்சு வெச்சேன், தனியா, படபடன்னு. அத்தனை தலையும் திரும்பி என்னைப் பாத்துச்சு.

என்ன எழுதியிருந்தான்னா? இப்ப எனக்கு மனப்பாடம். அத்தனை தடவை காட்டிட்டாங்க. 'ஐயா வணக்கம். எங்க ஊரில் படிப்பு மையம் போர்டு இருக்கு. படிப்பு இல்லை. தமிழரசி டீச்சர் போன பிறகு யாரும் வரவில்லை. நான் தினமும் போய் உக்காந்து வருகிறேன். நோட்டில் என் பேருக்கு நேரே யாரோ கையெழுத்துப் போடுகிறார். என் கையெழுத்து எனக்குத் தெரியும். இப்போதுதான் கத்துக்கிட்டேன். இன்னும் பாதிப் புத்தகம் இருக்கு. டீச்சர் அனுப்பவும்.' அஞ்சு வரி கேட்டா எத்தனை எழுதியிருக்கு பாருங்க. வரம்பு தெரியல. நான் அப்பவே மார்க்கைக் குறைச்சிருக்கணும்.

நோட்டு எப்படிப் பாத்தான்னு தெரியல. என்னிக்கோ மேஜை மேல வெச்சிருப்பேன். படிக்கத் தெரியாதவங்கதானேன்னு வெச்சிருப்பேன்.

இன்னிக்கு விசாரணை. விசாரணை அதிகாரி வேற மாவட்டத்துக்காரரு, சின்ன வயசு, முப்பத்தஞ்சு இருக்கும். என்னை உக்காரச் சொல்லித்தான் பேசினாரு. மரியாதை தெரிஞ்ச ஆளு. இவளையும் ஒரு நாற்காலியில உக்கார வெச்சாரு, அது எனக்குப் பிடிக்கல. முதல்ல நான் சொன்னேன், 'ஐயா, இந்தம்மாவுக்கு எழுதத் தெரியாது. எவனோ தூண்டி விட்டு எழுதிக் குடுத்திருக்கான்.' அவரு பதிவேட்டைத் திருப்பினாரு. 'எழுத்துக்கு நாப்பத்தாறு மார்க் போட்டிருக்கீங்களே சார்?'ன்னாரு. சரின்னு மாத்திக்கிட்டேன். 'தெரியும் ஐயா, நல்லாவே தெரியும், எங்க மையத்துல படிச்சவங்கதான்.' 'அப்ப அவங்க எழுதினது உண்மைதானே?'ன்னாரு. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க. தெரியாதுன்னா மார்க் பொய்யாம். தெரியும்னா மையம் பொய்யாம். எப்படித் திரும்பினாலும் எனக்குத்தான் அடி.

ஆனா அதுக்கப்புறம் அவரு நல்லபடியா மாறிட்டாரு. டீ வரவழைச்சாரு. 'சார், நீங்க சீனியர். நடைமுறையில இதையெல்லாம் எப்படித்தான் சமாளிக்கிறீங்க? எங்களுக்கும் தெரியணுமில்ல'ன்னு கேட்டாரு. கத்துக்கணும்னு ஆர்வம் உள்ள ஆளு. நானும் மனசு விட்டு எல்லாம் சொன்னேன். போட்டோ வெட்டறது, இடது கை, ஒரு தாளுக்கு மூணு தப்பு, தனலட்சுமி டீச்சர் கதை. சிரிச்சாரு தம்பி. அந்த மூலையில டைப் அடிக்கிற பொண்ணு பாட்டுக்கு வேற ஏதோ தட்டிக்கிட்டு இருந்துச்சு.

இவ சிரிக்கல. திடீர்னு என்னைப் பாத்து, 'சார், அப்ப என் மார்க்கும் அப்படித்தானா?'ன்னா. 'எதும்மா?'ன்னேன். 'நூத்தி இருபத்தெட்டுன்னு சர்டிபிகேட்டை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன் சார். அது நான் வாங்குன மார்க்கா, நீங்க போட்ட மார்க்கா?' மார்க்னா மார்க்தாம்மா, யார் போட்டா என்னன்னேன். 'என்னை நீங்க கூப்புட்டு வாசிக்கச் சொல்லவே இல்லயே சார். அப்ப எனக்கு இன்னும் யாரும் பரீட்சையே வெக்கல'ன்னா. கண்ணுல தண்ணி வேற. முதல் மார்க் போட்டதுக்கு அழுவற பொம்பளையை நான் இப்பதான் பாக்கறேன்.

அப்புறம் வாக்குமூலம் டைப் ஆகி வந்துச்சு. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. நான் பேனாவைத் திறந்தேன், எங்க போடணும்னு கேட்டேன், போட்டேன். நாலு விநாடி. இவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க? இருபத்தஞ்சு நிமிஷம். ஒரு பக்கத்துக்கு! விரலை வெச்சுக்கிட்டு, வரி வரியா, அந்த அதிகாரி, டைப் அடிக்கிற பொண்ணு, நானு, ஃபேன் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். இதுக்குப் பேர் எழுத்தறிவாம். கடைசியில ஒரு இடத்துல விரலை நிறுத்தி, 'புகார்னு போட்டிருக்கீங்க. நான் புகார் குடுக்கலீங்க. டீச்சரு வேணும்னு கேட்டேன். அதை மாத்துங்க'ன்னா. அந்த அதிகாரி எழுந்து போய் மாத்தி எடுத்துக்கிட்டு வர்றாரு! மறுபடி முதல்லேருந்து படிக்குது!

இதைவிடக் கொழுப்பு என்னன்னா, நான் கையெழுத்துப் போடும்போது என்னைப் பாத்து, 'சார், படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க'ன்னா. யாரைப் பாத்து? என்னை! முப்பத்துநாலு வருஷமா இந்த வட்டாரத்துக்கே படிக்கச் சொல்லிக் குடுத்தவனைப் பாத்து! எனக்கு வந்த ஆத்திரத்துல இன்னும் பெருசா, ஒரு சுழி சேத்துப் போட்டேன்.

நகல் குடுத்திருக்காங்க. இதோ. எனக்கு ஓடற பஸ்ஸுல படிச்சாத் தலை சுத்தும். நீங்க படிங்களேன். கடைசிப் பாராவைப் பாருங்க. என் சர்வீஸைப் பத்தி நல்லதா ரெண்டு வரி சேருங்கன்னு அதிகாரிகிட்டச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினாரு. அது இருந்தாப் போதும், மே முப்பத்தொண்ணு தாண்டிருவேன். படிங்க, சத்தமாவே படிங்க, பரவாயில்ல.

ஏன் நிறுத்திட்டீங்க?

என்னது? 'முப்பது விடைத்தாள்களும் என் அறிவுறுத்தலின்படி, நானும் பிறரும் எழுதியவை என்பதை...' ஒப்புக்கொள்கிறேனா? எங்க? அது அவளோட தாளா இருக்கும். மாத்திக் குடுத்துட்டானுங்க. மேல பேரைப் பாருங்க. பஞ்சாட்சரம்னா இருக்கு? 'தமிழரசி என்பவரின் கையொப்பத்தை மூன்று மாதங்கள் நானே இட்டு வந்தேன்.' இடது கையும் இருக்கா? மூணு தப்பும் போட்டிருக்கா? அதெல்லாம் டீ குடிக்கும்போது பேசினது தம்பி! கீழ என்ன? 'எவ்வித வற்புறுத்தலுமின்றி, முழுவதும் படித்துப் பார்த்து, சரியெனக் கண்டு...'

கீழ என் கையெழுத்தா? சுழியோடயா?

இல்ல. நீங்க தப்பாப் படிக்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க, அவசரமாப் படிக்கிறீங்க. ஒரு பார்வையில ஓட்டறீங்க. குடுங்க இப்படி. எழுத்தெல்லாம் ஆடுது. என்னால முடியல. இது எந்த இடம்? தும்பக்குளம் கூட்டு ரோடா? ஐயையோ, அவ எந்திரிச்சுட்டா. கண்டக்டர்! விசில் குடுக்காதீங்க, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நானும் இங்கதான் இறங்கணும். தம்பி, கொஞ்சம் வழி விடுங்க.

ஏம்மா! பூங்காவனம்! நில்லும்மா. போயிடாத. இதை, இந்தத் தாளை ஒரு தடவை வாசிச்சுக் காட்டும்மா. விரலை வெச்சுக்க, பரவாயில்ல. மெதுவாவே படி. நான் கேக்கறேன்.